ஒன்றரை சைஸ் பெரிய வெற்றி

"தம்பி, என் ஸ்குவாட்டுல என்ன தப்புன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

ஜோகூர் பாருவின் பேரங்காடி ஒன்றில், விளையாட்டுக் காலணிக் கடையின் தளத்தில் நின்றுகொண்டிருந்த என்னிடம் மேகலா அக்கா கேட்ட கேள்வி இது. அவர் கையில் பன்னிரண்டு நாள்களுக்கு முன் நான் விற்ற காலணியின் பெட்டி இருந்தது. சண்டைக்கு வந்தவராகத் தெரியவில்லை. காலணியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. குறை தன்னிடம்தான் என்று தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தார். என்னைத் திட்டித் தீர்த்த வாடிக்கையாளர்கள் பலர் உண்டு. அந்தத் திட்டுகளில் எதுவும் இந்தக் கேள்வியைப் போல் என்னைச் சுட்டதில்லை.

இது மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தது. பள்ளிச் சொற்போர் மேடையிலிருந்து நேரே விற்பனை வேலைக்கு வருகின்ற தம்பி தங்கையர் இன்று எங்கள் கடையில் பலர். நாவன்மை ஒன்றையே மூலதனமாகக் கொண்டு வரும் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அவ்வழியே வந்தவன்தான். மாவட்ட அளவில் இருமுறை சிறந்த பேச்சாளர் விருது பெற்றவன். அந்தப் பெருமையை நான் இன்றும் கைவிடவில்லை. அதை எந்த இடத்தில் எடுக்க வேண்டும், எந்த இடத்தில் மடித்து வைக்க வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

1. மறுப்புரை

மேகலா அக்கா முதன்முதலாகக் கடைக்கு வந்தது ஒரு காலை நேரம். அப்போதுதான் கதவைத் திறந்திருந்தோம். பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயன ஆலையில் டெக்னீஷியனாக வேலை செய்பவர். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மாசாயில் உள்ள ஒரு சிறிய ஜிம்மில் பளு தூக்கிப் பழகி வந்தார்.

அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவரே தெளிவாகச் சொன்னார். ஸ்குவாட் என்பது இரும்புத் தண்டைத் தோளின் பின்புறம் ஏற்றிக்கொண்டு, கீழே உட்கார்ந்து எழுவது. போட்டியில் இடுப்பு மடிப்பு முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும். மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குப் போட வேண்டும். மூன்றே வாய்ப்புகள், மூன்றும் தவறினால் அத்தோடு போட்டியை விட்டு வெளியேற வேண்டியதுதான். முந்தைய ஆண்டு மாநிலக் குழுவுக்கான தேர்வுப் போட்டியில் அவருக்கு மூன்றும் தவறியிருந்தன. ஆழமாக இறங்கும்போது குதிகால் தரையைவிட்டு எழும்பிவிடுகிறது என்றார். இவ்வாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஜிம்முல எல்லாரும் லிஃப்டிங் ஷூ வாங்குன்னாங்க. நான் இதுவரைக்கும் ஜாக்கிங் ஷூவுலதான் தூக்கினேன்."

அதற்கு என்னிடம் உரை தயாராகவே இருந்தது. ஓட்டக் காலணியின் அடிப்பகுதி மெத்தையைப் போன்றது. ஓடுபவருக்கு அது வரம். தோளில் நூறு கிலோ ஏறிவிட்டால் அந்த மெத்தை நசுங்கி, கால் பக்கவாட்டில் ஆடும். லிஃப்டிங் ஷூவின் அடிப்பகுதி கட்டையைப் போல் கெட்டியானது; கட்டைவிரலால் அழுத்தினாலும் அமுங்காது. குதிகாலும் முக்கால் அங்குலம் உயர்ந்திருப்பதால், கணுக்கால் போதுமான அளவு மடங்காதவர்களும் நிமிர்ந்த முதுகோடு ஆழமாக இறங்கலாம். இவையெல்லாம் உண்மை.

பிறகு அளவெடுத்தேன். எங்கள் கடையில் விற்பது பெரும்பாலும் ஓட்டக் காலணிகள். அவற்றுக்கு ஒரு விதி உண்டு: விரல் நுனிக்கும் காலணியின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கற்ற விதி அது. யுகே ஆறரை சைஸை அவருக்கு மாட்டிவிட்டேன்.

அவர் எழுந்து நின்று, விரல்களை உள்ளே அசைத்துப் பார்த்தார்.

"முன்னாடி நெறைய எடம் இருக்கே தம்பி. ஒரு சைஸ் கம்மியா போட்டுப் பாக்கலாமா?"

தம்பி தங்கையரே, இவ்விடத்தை ஊன்றிப் படியுங்கள். அது ஒரு வேண்டுகோள். எனக்கோ அது எதிர்த்தரப்பின் வாதமாகக் கேட்டது.

"அக்கா, மூணு காரணம் சொல்றேன். ஒண்ணு, எக்சர்சைஸ் பண்ணும்போது கால் வீங்கும். அதுக்கு எடம் வேணும். ரெண்டு, வெரல் விரிஞ்சாத்தான் பிடிமானம். மூணு, டைட்டா போட்டா நகம் கறுத்துப் போயிடும். அப்புறம் நீங்கதான் வந்து என்னைத் திட்டுவீங்க."

"அலமாக்! வக்கீலுக்குப் படிச்சீங்களா?"

"ஸ்கூல்ல டிபேட்டர்க்கா."

"தெரியுது லா. ஒண்ணு கேட்டா ஒம்பது வருது. சரி, பேக் பண்ணுங்க."

அவர் பணம் செலுத்திவிட்டுப் போனதும் மேனேஜர் புஷ்பா மேடம் சிரித்தார். "பேச்சாளரே, சும்மா ஏர்கானுக்கு ஒதுங்குறவன்கூட உன்கிட்ட மாட்டினா ரெண்டு ஜோடி வாங்கிட்டுத்தான் போவான் போல."

அன்று முழுவதும் அந்தப் பாராட்டை அசைபோட்டுக்கொண்டிருந்தேன். இன்னொன்றையும் அன்று என் கண்கள் கண்டிருந்தன. காலணியை மாட்டுவதற்காக மேகலா அக்கா காலுறையைக் கழற்றியபோது, அதன் விளிம்பு கணுக்காலுக்கு மேல் ஒரு பள்ளமாகவே பதிந்து கிடந்தது. பார்த்தேன். அது எதனால் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. என் மனம் அடுத்த காரணத்தை அடுக்குவதில் இருந்தது.

2. இரண்டு ஜோடிக் காலுறை

அவர் பெட்டியோடு திரும்பி வந்த நாளுக்கு வருகிறேன். அது வியாழக்கிழமை. மாநிலத் தேர்வு அடுத்த வாரச் சனிக்கிழமை. இடையில் ஒன்பதே நாள்கள்.

"எழும்பும்போது கால் உள்ளேயே முன்னாடி வழுக்குது தம்பி. குதிகால் செருப்பு மாதிரி தனியாத் தூக்குது. போன வாரம் தொண்ணூறுலயே விழப் பாத்தேன். நூறெல்லாம் ஏற்கெனவே தூக்கினவ நான். இடுப்புல பலம் போயிடுச்சா, என்னன்னு தெரியல."

"போட்டுக் காட்டுங்கக்கா."

பையிலிருந்து முதலில் ஒரு ஜோடி தடித்த காலுறையை எடுத்து மாட்டினார். அதன்மேல் இன்னொரு ஜோடி. அதன் பிறகுதான் காலணி.

"எதுக்குக்கா ரெண்டு?"

"நீங்கதானே எடம் வேணும்னு சொன்னீங்க. அதான் ஷூவை மாத்தாம, காலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கிட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. என் வாதத்தை அவர் அவ்வளவு நம்பியிருக்கிறார். தன் கால் சொன்னதையும் தன் கண் பார்த்ததையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கடையில் ஒருவன் மூன்று காரணம் சொன்னானே என்பதற்காகப் பன்னிரண்டு நாள் தன்னைத்தானே திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

முழந்தாளிட்டு அமர்ந்தேன். இரண்டு ஜோடிக் காலுறையையும் கழற்றச் சொன்னேன். வெறுங்காலோடு காலணியை மாட்டச் செய்து முனையை அழுத்திப் பார்த்தேன். விரலுக்கும் முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலத்தையும் தாண்டிய வெற்றிடம்.

"அன்னிக்கு எங்கேர்ந்து வந்தீங்கக்கா?"

"நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா இங்கதான். கம்பெனி பஸ்ல மாசாய் வந்து, மோட்டார் எடுத்துக்கிட்டு வந்தேன். கடை தொறக்கலன்னு வாசல்ல காத்துக்கிட்டு இருந்தேன், ஞாபகம் இல்ல?"

பன்னிரண்டு மணி நேரம் சேஃப்டி பூட்ஸில் நின்று வீங்கிய கால். அந்தக் கணுக்கால் பள்ளம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வீங்கிய காலை அளந்து, அதன்மேல் ஓட்டக்காரருக்கான இடைவெளியையும் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். பளு தூக்குபவருக்கோ காலும் காலணியும் ஒன்றாக அசைய வேண்டும்; விரல் மடங்காமல் முனையைத் தொடும் அளவுக்கு நெருங்கியிருக்கலாம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கால் முன்னே தள்ளும், அதற்கு இடம் தேவை. ஸ்குவாட்டில் கால் நகரவே கூடாது. நான் அடுக்கிய காரணங்கள் மூன்றும் சரியானவை. வேறொருவருடைய காலுக்குச் சரியானவை.

"அக்கா, உங்க ஸ்குவாட்டுல தப்பு இல்ல. நான் குடுத்த சைஸ்தான் தப்பு. ஒன்றரை சைஸ் பெருசு."

அவர் குனிந்து காலணியைக் கழற்றினார்.

"எனக்கு அன்னிக்கே அப்படித்தான் தோணுச்சு," என்றார் பிறகு. "ஆனா உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியல."

மேடையில் நான் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டிய வாக்கியம் அது.

3. காரணம் என்ற கட்டம்

அணிந்து பயன்படுத்திய காலணியை மாற்றித் தருவதில்லை என்பது கடையின் பொது விதி. மூன்று சூழ்நிலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கான படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும்: தயாரிப்புக் குறை, மாறிப்போன சரக்கு, ஊழியரின் அளவுத் தவறு. மூன்றாவது கட்டத்தில் குறியிட்டால் அது ஊழியரின் கோப்பில் ஏறும். தளக் கண்காணிப்பாளர் பதவிக்கான நேர்காணல் அடுத்த மாதம். பட்டியலில் என் பெயர் இருந்தது.

புஷ்பா மேடம் தம் அறையில் காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பசை விட்டிருக்குன்னு எழுதிடு. நீ எழுதினா தயாரிச்சவனே நம்பிடுவான்."

அவர் கெட்டவர் அல்லர். என் நேர்காணலை நினைத்துத்தான் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன்: அவர் சொல்லி முடிப்பதற்குள் என் தலைக்குள் முழு உரையும் எழுந்துவிட்டது. சொற்போரில் சீட்டுக் குலுக்கித்தான் தரப்பு முடிவாகும். ஒட்டியும் பேசுவோம், வெட்டியும் பேசுவோம். இரண்டுக்கும் தயாராக இருப்பதே எங்கள் பயிற்சி. பசை விட்டதற்கு ஐந்து சான்றுகள் என்னால் கொடுத்திருக்க முடியும். எதிரணியின் ஒரு கருத்தை ஒப்புக்கொண்டால்கூடப் புள்ளி போய்விடும் என்று பழக்கப்பட்டவன் நான். என் வாழ்நாளில் அதுவரை எந்த அவையிலும் "நான் சொன்னது தவறு" என்று சொன்னதில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், மேகலா அக்கா அந்த இரண்டு ஜோடிக் காலுறையையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கட்டத்தில் குறியிட்டேன். விளக்கம் என்ற இடத்தில், "வேலை முடிந்து வீங்கியிருந்த காலை அளந்தேன். வாடிக்கையாளர் பெரிதாக இருக்கிறது என்று சொன்னார். நான் கேட்கவில்லை" என்று எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே மிகச் சிறிய உரை அது.

"நெசமாவா?" என்றார் மேடம். "இன்டர்வியூ?"

"அது அடுத்த வருஷமும் வரும் மேடம். அவங்களுக்கு அடுத்த சனிக்கிழமைதான் இருக்கு."

"போடா, நீயும் உன் தொகுப்புரையும்," என்று கையெழுத்துப் போட்டார்.

அதோடு சிக்கல் தீரவில்லை. யுகே ஐந்து சைஸ் எங்கள் கடையில் இல்லை. கணினியில் தேடியபோது பொந்தியான் கிளையில் ஒரே ஒரு ஜோடி இருப்பது தெரிந்தது. சரக்கு வண்டி அடுத்த வியாழக்கிழமைதான் வரும். வந்தால் பழகிக்கொள்ள ஒரே ஒரு நாள்தான் மிஞ்சும். ஓய்வு நாளை மாற்றிக்கொண்டு, மறுநாள் காலை மோட்டாரை எடுத்துக்கொண்டு பொந்தியானுக்குப் போனேன்.

அங்கே இடது கால் பெட்டியில் பத்திரமாக இருந்தது. வலது கால் முகப்புக் கண்ணாடியில் காட்சிக்கு நின்றது. பல மாத வெயிலில் அதன் கருநீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது.

4. மாசாய் ஜிம்மில்

ஞாயிற்றுக்கிழமை மாலை, ஷிஃப்டுக்குப் போகும் முன் மேகலா அக்கா ஜிம்முக்கு வருவார். ஓய்ந்த கால், வீக்கமில்லாத கால். பெட்டியோடு அங்கேயே போனேன். கடைக்கு வெளியே காலணி பொருத்தியது எனக்கு அதுவே முதல் முறை.

காலணியை உடனே எடுக்கவில்லை. வெறுங்காலோடு, வெறும் தண்டை ஏற்றி உட்காரச் சொன்னேன். பக்கவாட்டில் நின்று கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன். பாதி இறங்கியதும் குதிகால் எழும்பியது. நெஞ்சு முன்னே சாய்ந்தது. குதிகாலுக்கு அடியில் மெல்லிய இரும்புத் தட்டு ஒன்றை வைத்தேன். சற்று மேம்பட்டது. இன்னொரு தட்டு, இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ முக்கால் அங்குலம். இம்முறை நேரே இறங்கினார், நேரே எழுந்தார். மூன்றாவது தட்டை வைத்ததும் பாரம் விரல்களுக்குப் போய்விட்டது.

"குதிகால் உயரம் முக்கால் அங்குலம்னு அன்னிக்குச் சொன்னேன் பாருங்க, அது சரிதான்க்கா." இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"ஒண்ணாச்சும் சரியாச் சொன்னீங்களே. சந்தோஷம்."

சரியாகச் சொன்னேன் என்பது உண்மை. ஆனால் அன்று பார்த்துச் சொல்லவில்லை, பேசிச் சொன்னேன். வாய்த்தது அதிர்ஷ்டம்.

மெல்லிய காலுறை ஒரு ஜோடி மட்டும் அணிந்து, யுகே ஐந்தை மாட்டினார். மேல் பட்டையை இழுத்து ஒட்டினார். நிறத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, வலது காலு மட்டும் வெயில்ல நின்ன மாதிரி இருக்கு?"

"பொந்தியான் வெயில்க்கா. டிஸ்பிளே பீஸ். வேற ஜோடி இல்ல."

"பரவால்ல லா. ரெண்டும் ஒரே கலரா இருந்தா வெயிட் கொறைஞ்சிடுமா என்ன?"

அறுபதில் தொடங்கி எண்பதுக்குப் போனார். நான் ஒன்றும் கேட்காமல் காத்திருந்தேன். அது எனக்கு எவ்வளவு கடினம் என்பதைப் பேச்சாளர்கள் அறிவார்கள். மூன்றாம் முறை தண்டை இறக்கி வைத்துவிட்டு அவரே சொன்னார்: "காலோட சேர்ந்தே வருது."

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் குமார் அண்ணன் அருகில் வந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். "பாஸ், எனக்கும் ஒரு ஜோடி பாருங்க. குதிகால் இன்னும் ஒசரமா இருந்தாலும் பரவால்ல."

முன்பாயிருந்தால் அங்கேயே விற்பனையை முடித்திருப்பேன். அவரையும் வெறுங்காலோடு உட்காரச் சொன்னேன். கால்களை நன்றாக அகட்டி வைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி உட்காரும் பாணி அவருடையது. குதிகால் தரையில் ஆணி அடித்ததுபோல் நின்றது. தட்டுகளை வைத்ததும் முன்பக்கம் சாயத் தொடங்கினார்.

"உங்களுக்கு ஹீல் வேணாம்ணே. தட்டையா, கெட்டியா இருந்தா போதும். நீங்க போட்டிருக்கிற அந்தக் கேன்வாஸ் ஷூவே சரி."

"என்ன பாஸ் இது? விக்க வந்தீங்களா, வெரட்ட வந்தீங்களா?"

ஜிம்மே சிரித்தது. ஆனால் அதே குமார் அண்ணன்தான், பின்னாளில் தன் நண்பர்களை ஒவ்வொருவராக என்னிடம் அனுப்பி வைத்தார்.

5. மூன்று விளக்குகள்

சனிக்கிழமை, ஒரு பள்ளி மண்டபம். பிற்பகல் ஷிஃப்டுக்கு முன் போய் முன்வரிசையில் அமர்ந்தேன். மேகலா அக்காவின் பெயரை அழைத்தார்கள். ஒரு கால் கருநீலம், ஒரு கால் சாம்பல். யாரோ பின்னால் கிசுகிசுத்தார்கள்.

முதல் வாய்ப்பு, நூறு கிலோ. இறங்கினார், எழுந்தார். இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. ஆழம் போதவில்லை.

முந்தைய ஆண்டும் இப்படித்தான் தொடங்கியது என்று அவர் எனக்குச் சொல்லியிருந்தார். மேடையிலிருந்து இறங்கி நேரே என் பக்கம் வந்தார். முகம் வெளிறியிருந்தது. எழுச்சியுரைகள் எத்தனையோ என் நாவில் வரிசைகட்டி நின்றன. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"கால் உள்ள ஆடுச்சாக்கா?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். காலிடமே கேட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது.

"இல்ல. ஆடவே இல்ல." பிறகு மெதுவாக, "பயத்துல நான்தான் சீக்கிரம் எழுந்துட்டேன்," என்றார்.

நான் தலையசைத்தேன்.

இரண்டாம் வாய்ப்பு. அதே நூறு. இம்முறை அவர் இறங்கிக்கொண்டே இருந்தார், இன்னும் இறங்கினார், அடியில் ஒரு நொடி எல்லாம் நின்றதுபோல் இருந்தது. பிறகு எழுந்தார். குதிகால்கள் இரண்டும் தரையை விட்டு அசையவில்லை. மூன்று வெள்ளை. மூன்றாம் வாய்ப்பில் நூற்றைந்து. அதுவும் மூன்று வெள்ளை. நான் கத்திய கத்தலில் ஒலிபெருக்கிக்காரரே திரும்பிப் பார்த்தார். அதற்கு மட்டும் என் குரலை நான் அடக்கவில்லை.

போட்டியில் ஸ்குவாட் தவிர்த்த மற்ற தூக்குகளைப் பார்க்க எனக்கு நேரமில்லை, கடைக்குத் திரும்பிவிட்டேன். மாலையில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. படத்தில் மாநிலப் பயிற்சிக் குழுவின் பெயர்ப்பட்டியல். அதற்கு அடியில் நீலமும் சாம்பலுமாய் இரண்டு கால்கள்.

அவ்வாண்டு நேர்காணலுக்கு என்னை அழைக்கவில்லை. அடுத்த ஆண்டு அழைத்தார்கள். அந்தப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு, "இதைப் பத்தி என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்கள். "எழுதினதுதான் சார், அதுக்கு மேல ஒண்ணுமில்ல," என்றேன். பதவி கிடைத்தது. இப்போது புதிய ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. வேலை முடிந்து வருகிறீர்களா, வேலைக்குப் போகிறீர்களா என்பதே எங்கள் தளத்தில் இன்று முதல் கேள்வி. அதன்பின் வெறுங்காலோடு ஒரு முறை உட்காரச் சொல்வோம். காலணியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

திருப்பி வாங்கிய அந்த ஆறரை சைஸ் ஜோடி இன்னும் என்னிடம் இருக்கிறது; விற்பனைக்கு இல்லை. சொற்போர் மேடையிலிருந்து புதிதாக யார் வந்தாலும், அந்தக் காலணியை ஆதரித்து இரண்டு நிமிடம் பேசச் சொல்வேன். எல்லாரும் அருமையாகப் பேசுகிறார்கள். கேட்டால் எனக்கே வாங்கத் தோன்றும். பிறகு, அதைவிட ஒன்றரை சைஸ் சிறிய கால் உள்ள யாரையாவது அதை மாட்டச் சொல்லி, பேசியவரின் கண்ணெதிரே உட்கார்ந்து எழச் சொல்வேன். குதிகால் காலணிக்குள் தனியாக எழும்பும்.

அதற்குப் பிறகு யாரும் பேசுவதில்லை. குனிந்து, கட்டைவிரலால் முனையை அழுத்திப் பார்க்கிறார்கள்.